செத்ததாகச் சொன்ன கால்கள்

அவர் எதையாவது பார்த்து "நல்லா இருக்கு" என்று சொன்னால் எங்கள் துறையில் யாரும் சந்தோஷப்படமாட்டார்கள். அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். "நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு." சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். துடைத்து மாட்டிக்கொண்டு அதே பொருளை முதலிலிருந்து பார்க்கத் தொடங்குவார்.

கல்லூரி நூலகத்துக்கு ஒரு கோடை விடுமுறையில் வெள்ளையடித்தார்கள். திறந்த அன்று எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். அவர் மட்டும் வாசலிலேயே நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி தொங்கிய இடத்தில் மட்டும் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அதிகமாக இருப்பதாகச் சொன்னார். எதை மறைக்க இங்கே மட்டும் கூடுதல் பூச்சு என்று நூலகரிடம் கேட்டார். நூலகர் சிரித்தார். பதினைந்து நாள் கழித்து ஒரு மதியம் அந்த விசிறி காரையோடு மேசைமேல் விழுந்தது. சாப்பாட்டு நேரமாக இருந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. உள்ளே பார்த்தால் உப்புக்காற்றில் கம்பி ஊதிப் பொடியாகியிருந்தது. அன்றிலிருந்து கல்லூரியில் சிலர் அவருக்குக் கருநாக்கு என்று பெயர் வைத்தார்கள். அது அவர் காதுக்கும் போயிற்று. "நாக்குல என்ன இருக்கு, தம்பி. அவங்க பாக்காதத நான் பாக்குறேன், அம்புட்டுத்தான்" என்றார்.

மண்டபத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது எங்கள் கல்லூரி. அவர் தங்கச்சிமடத்து மீன்பிடிக் குடும்பத்துப் பெண். தினமும் பாலம் கடந்து பேருந்தில் வருவார். நான் கமுதிப் பக்கம் மிளகாய் போடுகிற வீட்டுப் பையன். என்னைவிட அவர் நான்கு வயது மூத்தவர். மற்றவர்கள் முன்னால் அவரை மேடம் என்று அழைப்பேன், தனியாக இருக்கும்போது அக்கா. இயற்பியல் துறையில் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள எங்கள் இருவரையும் தவிர ஆளில்லை.

நாங்கள் செய்த வேலையை வீட்டில் கேட்டால் பென்சில் கரி என்று சொல்வேன். கிராபைட்டுத் துண்டை ஒட்டும் டேப்பில் வைத்து உரித்து, உரித்ததை மறுபடி உரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரே ஓர் அணுவின் கனமுள்ள தாள் கிடைக்கும். அந்தத் தாளை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை மற்றதன்மேல் ஒரு டிகிரிக்குச் சற்றே கூடுதலாகத் திருப்பி வைக்க வேண்டும். சரியான அந்தக் கோணத்தில் எலக்ட்ரான்களின் நடை மாறிவிடும். தனித்தனியாக ஓடியவை வேகம் குறைந்து, ஒன்றையொன்று பார்த்துப் பார்த்து நகரத் தொடங்கும். அதை விண்வெளியைவிடக் குளிரான இடத்தில் வைத்தால், சில சமயம் உள்ளே மின்சாரம் அடங்கி, ஓரத்தில் மட்டும் தடையே இல்லாமல் ஓடும். காந்தம் எதுவும் பக்கத்தில் வைக்காமலேயே இது நடக்கும். அப்போது வரைபடத்தில் கோடு ஏறி, இயற்கை முன்பே தீர்மானித்து வைத்த ஓர் எண்ணில் போய் மட்டமாக நின்றுவிடும். எங்கள் அறையில் அதற்கு மேடை என்று பெயர். உலகத்தில் சில பேர்தான் அந்த மேடையைப் பார்த்திருந்தார்கள். நாங்கள் எடுத்துக்கொண்ட அடுக்கில் அதுவரை யாருமே பார்த்திருக்கவில்லை.

அடுக்குவது அவர் வேலை. கல்லூரியின் பழைய கிடங்கு அறையில் ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஈரம் உறிஞ்சும் இயந்திரம், ஒரு நுண்ணோக்கி. காலையில் வந்ததும் அந்த இயந்திரத்தின் தொட்டியில் சேர்ந்த தண்ணீரைக் கொட்டுவதுதான் முதல் வேலை. கடல் பக்கத்திலிருந்து காற்று வீசும் மாதங்களில் அது ஒரு வாளிகூட நிறையும். ஒட்டுப்படலம் பூசிய கண்ணாடியை மயிரிழை மயிரிழையாக இறக்கித் தாளைத் தூக்குவார். கையில் நடுக்கமே இருக்காது. முடித்ததும், அடுக்கு ஒட்டிய சிலிக்கான் சில்லை நான் பெங்களூருக்கு எடுத்துப் போவேன். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் அதற்குத் தங்கத்தில் எட்டுக் கால் வைப்பார்கள். இரண்டு கால் வழியாக மின்சாரம் விட வேண்டும். மீதி ஆறும் எதிரெதிராக மூன்று ஜோடி. மூன்று ஜோடியிலும் மின்னழுத்தம் பார்க்க வேண்டும். அளப்பது என் வேலை.

"நமக்கு வேணுங்கிறது வந்துச்சுன்னா ரெண்டு தடவ பாக்கணும், தம்பி. வேணாங்கிறது வந்தா ஒரு தடவ போதும்" என்பார். நான் கொண்டுவரும் நல்ல வரைபடங்களை அவர் பார்க்கிற விதம் எனக்குப் பிடிக்காது. தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு புள்ளியாகத் தட்டுவார். மோசமானவற்றை வாஞ்சையோடு கோப்பில் வைத்துக்கொள்வார்.

அவருடைய தம்பிக்குப் பாம்பனில் ஒரு விசைப்படகு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்த நேரத்தில் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். மறுநாள் கடலுக்குப் போக, தம்பி படகுத்துறையில் வைத்து இயந்திரத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாகப் பழுதுபார்த்த இயந்திரம். முன்பு இருமிக்கொண்டே கிளம்பும், இப்போது பூனைபோல ஓடுகிறது என்று தம்பி பெருமையாகச் சொன்னார். அக்கா கரையில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏலே, நாளைக்குப் போகாத. சத்தம் ரொம்ப நல்லா இருக்கு. அடியில எதோ ஒண்ணு சுத்தும்போது மட்டும் சத்தம் கேக்காமப் போகுது."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். வேலை பார்த்த மெக்கானிக் முகம் சுருங்கினார். தம்பி மறுநாள் கடலுக்குப் போனார். திரும்பும் வழியில் சுழல் தண்டின் தாங்கி உடைந்து படகு நின்றுவிட்டது. நீரோட்டம் அவர்களை எல்லைக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனது. அக்கரைக்காரர்கள் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். தம்பியோடு இன்னும் நான்கு பேர்.

அக்கா விடுப்புப் போட்டுவிட்டு மனுக்களைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் அலைந்தார். கூடவே அந்த நான்கு பேரின் மனைவிமாரும். அவர்களில் ஒருத்தி கடைசிவரை அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம். வீட்டில் அவருடைய அம்மா, நீ வாய வச்சிருக்க வேணாமே என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து ஆட்களை விட்டார்கள். படகு வரவில்லை.

எங்களுக்குப் பெங்களூரில் அளக்க நாள் ஒதுக்கியிருந்தது அந்த அலைச்சலின் முதல் வாரத்தில்தான். தள்ளிப்போட்டால் ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். நான் தனியாகப் போனேன்.

மூன்றாம் நாள் காலையில் முதல் ஜோடியில் மேடை வந்தது. அப்படி ஒரு மட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. எண்ணும் சரியாக இருந்தது. உடனே இரண்டாவது ஜோடியை அளந்தேன். அதில் சரிவுதான் இருந்தது, மேடை இல்லை. மூன்றாவதில் கோடு கீழும் மேலுமாக அலைந்தது. ஒரே தாளில் அங்கங்கே கோணம் மாறினால் இப்படி வரலாம். முதல் ஜோடியின் கால் சரியாக ஒட்டாமல் இருந்தாலும் பொய்யாக ஒரு மேடை வரலாம். எது என்று கண்டுபிடிக்கக் கால்களை மாற்றி மாற்றி இன்னும் நான்கு நாள் அளந்திருக்க வேண்டும். எனக்கு இருந்தது ஒரு நாள்.

சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டேன். ஏதோ அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. மேடை வந்துவிட்டது என்று சொன்னேன். "மூணு ஜோடிலயுமா?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் அவருக்கு ஒரு நல்ல செய்தியாவது இருக்கட்டும் என்று நினைத்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதிப் பாதி, என் வேலை நிரந்தரமாகாமல் இருந்தது, எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுலதான், அக்கா. மத்த ரெண்டு ஜோடியும் குளிர்ல செத்துப்போச்சு" என்றேன்.

கால் செத்துப்போவது எங்கள் வேலையில் அடிக்கடி நடப்பது. தங்கம் பிடிப்பு விட்டுவிடும். அவர் "சரி" என்று மட்டும் சொன்னார். இரண்டாவது தடவை பார்க்க அவருக்கு அப்போது நேரமில்லை. அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு வாரம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அந்த ஒரு ஜோடியை வைத்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. அவர் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. வெளிநாட்டிலிருந்து கடிதங்கள் வந்தன. கல்லூரி நிர்வாகம் நுழைவாயிலில் எங்கள் படத்தைப் பெரிதாக வைத்தது. எங்களுக்கென்றே ஒரு குளிரூட்டும் இயந்திரம் வாங்க நிதி கிடைத்தது. அதற்காகக் கடல் பக்கம் புது அறை கட்டத் தொடங்கினார்கள். எனக்கு வேலை நிரந்தரமாயிற்று, கல்யாணமும் நடந்தது. கல்யாணத்துக்கு அக்கா வந்திருந்தார். தம்பி வரவில்லை. விடுதலையாகி வந்ததிலிருந்து அவர் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று பிறகு தெரிந்தது.

அதன் பிறகுதான் அவர் ஒதுங்கத் தொடங்கினார். டீ நேரத்தில் வருவதைக் குறைத்தார். எங்கள் கட்டுரையின் வரைபடத்தை அச்செடுத்து நுண்ணோக்கிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தார். அடுக்கும் வேலைக்கு நடுவே நிமிர்ந்து அதைப் பார்ப்பார். நான் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவேன். ஒரு நாள் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"ரொம்ப நல்லா இருக்கு, தம்பி, இது."

அன்றிலிருந்து எந்த வேலையிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. அவர் எதைத் தேடத் தொடங்கினாலும் எங்கே போய் முடிப்பார் என்று எனக்குத் தெரியும். நேராக வரமாட்டார். முதலில் இயந்திரத்தைச் சந்தேகித்தார். பெங்களூருக்கு எழுதி அங்கிருந்த கருவிகளின் பிழை அளவைக் கேட்டு வாங்கினார். பிறகு தன்னைச் சந்தேகித்தார். தான் அடுக்கிய கோணத்தைப் பழைய புகைப்படங்களிலிருந்து மறுபடி கணக்கிட்டார். இரண்டும் சரியாக இருந்தன. மிச்சம் இருந்தது நான். வாரத்துக்கு ஓர் அடி வீதம் அவர் என்னை நோக்கி வந்துகொண்டிருந்ததை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் வகுப்பு முடித்து அறைக்குள் போனால், அந்தச் சில்லைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்தார். நிலைமின்சாரம் சில்லைத் தாக்காமல் இருக்கக் கையில் பட்டை கட்டி, எட்டுக் காலிலும் ஒவ்வொன்றாகக் கம்பி தொட்டு மின்தடை பார்த்துக்கொண்டிருந்தார். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நான் கதவருகிலேயே நின்றேன்.

"செத்ததாச் சொன்ன காலு உயிரோட இருக்கு" என்றார். "ரெண்டு ஜோடியும்."

"குளிர்ல செத்திருக்கும், அக்கா. சூட்டுக்கு வந்ததும் பொழச்சிருக்கும். நடக்குறதுதான."

"நடக்கும்" என்றார். கம்பியை எடுத்துவிட்டுச் சில்லைப் பெட்டியில் வைத்து மூடினார். அதைப் பற்றி அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அவர் கத்தியிருந்தால் நான் அன்றே சொல்லியிருப்பேன். எட்டு மாதம் அவர் வழக்கம்போலவே இருந்தார். என் மனைவி உண்டானது தெரிந்து நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து கொடுத்தார். பேசிக்கொண்டிருக்கும்போது சில நேரம் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் வேறு ஏதாவது பேசுவேன். பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் எல்லா அளவுகளுக்கும் ஒரு நகல் இருக்கும். ஒரு கடிதம் எழுதினால் மூன்று ஜோடியின் வரைபடமும் அவர் கைக்கு வந்திருக்கும். ஒவ்வொரு தபால் நாளிலும் அதை எதிர்பார்த்தேன். அவர் அந்தக் கடிதத்தை எழுதவே இல்லை என்பதை அங்கிருந்தவர்களிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பதிலாக அவரே அந்தச் சில்லை எடுத்துக்கொண்டு பெங்களூர் போனார். என்னைக் கூப்பிடவில்லை. ஆறு நாள் இருந்து மூன்று ஜோடியையும் அளந்தார். எதிலும் மேடை இல்லை. ஆனால் அதிலும் ஒன்றைச் சொல்லிவிட முடியாது. திருப்பி வைத்த தாள்கள் அப்படியே கிடப்பதில்லை. சூடு பட்டால் மெல்ல வழுக்கித் தங்கள் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். முதல் தடவை இருந்த கோணம் இப்போது இல்லாமல் போயிருக்கலாம். உண்மை அந்தச் சில்லைவிட்டுப் போய்விட்டது.

திரும்பி வந்த வாரம், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அது வந்த பத்திரிகைக்கு எழுதினார். முடிவை மறுபடி பெற முடியவில்லை, எல்லாத் தொடர்புகளையும் முறையாகச் சோதிக்காமல் வெளியிட்டது தன் தவறு, பொறுப்பு தன்னுடையது என்று இருந்தது. அனுப்புவதற்கு முன்னால் அந்தக் கடிதத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். என் ஒப்புதல் வேண்டும். ஒரு மணி நேரம் எனக்காக வராந்தாவில் நின்றார். வெளியே போய் அவரிடம் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

நிதியை நிறுத்திவிட்டார்கள். நிர்வாகக் குழு அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்தது. நானும் அந்த அறையில் இருந்தேன். புது அறைக்குக் கூரை போட்ட பிறகு ஏன் இதைச் சொன்னீர்கள் என்று ஒருவர் கேட்டார். கல்லூரி மானத்தைக் கப்பலேற்றிவிட்டதாக இன்னொருவர் சொன்னார். பாவம், இந்த இளம் ஆசிரியருடைய பெயரும் சேர்ந்து கெட்டுவிட்டதே என்று முதல்வர் என்னைக் காட்டினார். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. ஆமாம், அவருக்கு இதில் சம்பந்தமில்லை என்றார். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுப் போனார். கருநாக்கு கடைசியில் தன்னையே கொத்திக்கொண்டது என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று எனக்கு நினைவில்லை. சிரித்திருப்பேன்.

மூன்று வருடம் போயிற்று. எங்கேயோ தூர தேசத்தில் ஒரு குழு அதே அடுக்கில், அதே கோணத்தில், மேடையைப் பார்த்துவிட்டதாகக் கட்டுரை வந்தது. ஒவ்வொரு ஜோடியிலும் அளந்திருந்தார்கள். எல்லாவற்றிலும் மேடை. கோணம் எந்தெந்த இடத்தில் மாறுகிறது என்று படம் போட்டே காட்டியிருந்தார்கள். படித்து முடித்ததும் என்னால் உட்கார முடியவில்லை. அக்கா அடுக்கியது சரியாகவே இருந்திருக்கலாம். இரண்டு ஜோடி வேறு மாதிரி காட்டுகிறது என்று அன்றே சொல்லியிருந்தால், ஏன் என்று அவர் விடாமல் தோண்டி, இதையே முதலில் கண்டுபிடித்திருப்பார்.

மறுநாளே தங்கச்சிமடம் போனேன். வீட்டில் அவரும், அவர் வேலையை விட்டு வந்த பிறகு மறுபடி பேசத் தொடங்கியிருந்த தம்பியும் இருந்தார்கள். தம்பி இப்போது வேறு ஒருவர் படகில் கூலிக்குப் போகிறார். என்னை நல்ல மனிதர் என்று நினைத்து நாற்காலி எடுத்துப் போட்டு, குடிக்க நன்னாரிச் சர்பத் வாங்கி வந்தார். அக்கா பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பதாகச் சொன்னார். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. கட்டுரையைப் பற்றி நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"படிச்சேன். அருமையாப் பண்ணியிருக்காங்க. நம்மகிட்டயும் இருந்திருக்கலாம். இல்லாமயும் இருந்திருக்கலாம். இனிமே யாருக்கும் தெரியாது."

தம்பி எழுந்து வெளியே போனார். நான் மூன்று வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அக்கா, அன்னைக்குப் பெங்களூர்ல என்று தொடங்கியதுமே கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அந்த எட்டு மாசமும் நீயாச் சொல்லுவன்னு பாத்தேன். கடுதாசிய உன் மேசையில வச்சிட்டு வெளிய நின்னப்பகூட நெனச்சேன், இப்ப வருவான்னு." குரலில் கோபம் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் என்னை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு விலகின. "இப்பச் சொல்லாத. இப்பச் சொன்னா உனக்கு மட்டுந்தான் லேசாகும்."

எழுந்து உள்ளே போனார். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. சர்பத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் நின்ற தம்பி பேருந்து நிறுத்தம்வரை கூடவே வந்தார். எங்க அக்காவ எல்லாரும் கைவிட்டுட்டாங்க சார், நீங்க ஒருத்தராச்சும் தேடி வந்தீகளே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பேருந்து வரும்வரை அந்தக் கையை அவர் விடவில்லை. நானும் உருவிக்கொள்ளவில்லை.